சாத்த வராத கதவு

உங்கள் வீட்டில் ஒரு கதவு சரியாகச் சாத்த வரவில்லை என்றால், அது யார் தப்பு?

'செய்த ஆசாரியின் தப்பு' என்று யோசிக்காமல் சொல்லியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், அவருக்குத் தர வேண்டிய மூவாயிரம் ரூபாயையும் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னேன். போனில். அதுவும் உரத்த குரலில். அந்தப் பக்கம் அவர் "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு ஏதோ கேஸில் ஜெயித்த மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அரியலூரில் எங்கள் பழைய வீடு. அம்மா அங்கேதான் இருக்கிறார். அக்கா மகள் கல்யாணம் ஆவணியில் என்று முடிவானதும், வாசல் கதவு, இரண்டு ஜன்னல், சமையலறையில் ஒரு பரண், அலமாரி என்று மராமத்து வேலைகளைப் பட்டியல் போட்டோம். வாசல் கதவை மட்டும் கொல்லையில் இருந்த வேப்ப மரத்தில்தான் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்பா நட்ட மரம். வேர் சுவரைத் தள்ள ஆரம்பித்ததால் வெட்ட வேண்டியதாகிவிட்டது. மரம் போனாலும் வாசலில் நிற்கட்டுமே என்று நினைத்தேன். இந்த மாதிரி நெகிழ்ச்சியில் எடுக்கிற முடிவுகளுக்கு வேறு யாரோ விலை கொடுப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை.

அரியலூர் சிமென்ட் ஊர். மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல். கொத்தனாருக்குப் பஞ்சமில்லை. மர வேலைக்கு ஆள் கேட்டபோது பாதிப் பேர் "இரும்புக் கதவு போட்டுடுங்க, பிரச்னையே இல்ல" என்றார்கள். மீதிப் பேர் பக்கத்து மாவட்டத்தைக் கை காட்டினார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூர். அதுவும் பக்கத்திலிருக்கும் தழுதாழையும் மரச் சிற்பத்துக்குப் பேர் போனவை. கோயில் தேர், சுவாமி புறப்பாட்டுக்கான வாகனங்கள், சாமி சிலைகள் என்று பல ஊர்களுக்கும் அங்கிருந்து போகின்றன. 2020-ல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் ஆசாரி அந்த ஊர்க்காரர். பெரிய சிற்பி என்று சொல்லிக்கொள்ள மாட்டார். "வாகன ஆர்டர் இருந்தா வாகனம். இல்லேன்னா கதவு, ஜன்னல்" என்றார்.

அவரை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்களா? சித்தப்பாவின் நண்பருக்குத் தெரிந்தவர். அவ்வளவுதான் விசாரணை. இருநூறு ரூபாய்க்குச் செருப்பு வாங்கும்போது நான்கு ஜோடியைப் போட்டு நடந்து பார்க்கிற நாம், வீட்டின் வாசலையே ஒப்படைக்கும்போது 'தெரிஞ்சவர்' என்ற ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறோம். அவர் முன்பு செய்த ஒரு கதவையாவது போய்ப் பார்த்தேனா? இல்லை. எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.

மரம் எங்களுடையது, கூலி மட்டும் நாற்பத்து நாலாயிரம் என்றார். பேரம் பேசி முப்பத்தெட்டில் நிறுத்தினேன். பத்தாயிரம் அட்வான்ஸ். ஆறாயிரம் குறைத்த சந்தோஷத்தில் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் இரண்டு தவறுகளைச் சேர்த்துச் சொல்கிறார். சோதித்துப் பார்க்காமல் ஒருவரை நம்புவது ஒன்று. நம்பி ஒப்படைத்த பிறகு அவரைச் சந்தேகப்படுவது இன்னொன்று. இரண்டுமே ஓயாத தொல்லை என்கிறார். அரசன் அமைச்சரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொன்னது. ஆனால் நாம் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் லட்சணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதையும் நான் படித்ததில்லை. முதல் தவறை ஒரே நாளில் செய்துவிட்டு, இரண்டாவதை வேலை முடியும்வரை தினமும் செய்கிறோம்.

என் சார்பில் அந்த இரண்டாவது தவறைச் செய்தவர் சித்தப்பா. ரிட்டையர் ஆனவர். திண்ணையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆசாரி எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை முறை டீ குடிக்கப் போனார், ஃபெவிகால் டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு நோட்டில் எழுதினார். ராத்திரி எனக்கு போனில் வாசித்துக் காட்டுவார். நானும் "விடாதீங்க சித்தப்பா" என்பேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கதவும் நன்றாகத்தான் இருந்தது. மாவிலைத் தோரணத்தோடு போட்டோவில் கம்பீரமாக நிற்கிறது. "ஒரு சீசன் போகட்டும், பார்த்துட்டுத் தர்றேன்" என்று மூவாயிரத்தை நிறுத்தி வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

சித்திரை வந்தது. மேல் மூலை வெளியே முறுக்கிக்கொண்டு, தாழ்ப்பாள் கொண்டியில் போய்ச் சேரவில்லை. கீழ்ப் பலகையில் நெடுக ஒரு விரிசல். அம்மா போனில் சொன்ன அன்றைக்குத்தான் நான் அந்த உரத்த குரலில் பேசினேன்.

சரிபண்ண வேறு ஆள் தேடியபோது, மர டிப்போ வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து பார்த்தார். கதவைத் தட்டினார். விரிசலில் விரலை ஓட்டினார். "இது பச்சை மரமாச்சே. யார் அவசரப்பட்டது?" என்றார். 'யார் செய்தது?' என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் விளக்கியதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இது கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் கதவு வைத்திருக்கும் எல்லோருக்கும் உபயோகப்படும். வெட்டிய மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மர நுண்ணறைகளின் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் ஒரு பங்கு, அவற்றின் சுவரிலேயே ஊறி ஒரு பங்கு. முதல் பங்கு காயும்போது மரம் லேசாகுமே தவிர சுருங்காது. ஈரம் சுமார் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுவரில் இருக்கும் தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும். சுருக்கம் அப்போதுதான் தொடங்கும். அதனால்தான் வெட்டி ஒரு மாதம் ஆன மரம் பார்வைக்கு ஒழுங்காக இருந்து நம்மை ஏமாற்றுகிறது. அதோடு, மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. அகலத்தில்தான் சுருங்கும். அதிலும் வருஷ வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளிநோக்கிப் போகும் திசையைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு சுருங்கும். ஒரே பலகை இரண்டு திசையில் இரண்டு விதமாகச் சுருங்கினால் முறுக்காமல் என்ன செய்யும்?

நன்றாகக் காய்ந்த மரம்கூட ஐப்பசி மழையில் கொஞ்சம் உப்பும், சித்திரை வெயிலில் கொஞ்சம் வற்றும். இது தச்சர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதனால்தான் பழைய கதவுகளில் சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, நடுப் பலகையை அதில் சும்மா செருகி வைப்பார்கள். பசை கிடையாது, ஆணி கிடையாது. பலகை தன் இஷ்டத்துக்கு உப்பட்டும், வற்றட்டும் என்று இடம் விட்டு வைத்த வேலை அது.

"இதுல ஆணி அடிச்சிருக்காங்களே!" என்றார் டிப்போ பெரியவர். "அதான் பலகை நகர முடியாம வெடிச்சிருக்கு."

சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார். "பலகை லொடலொடன்னு ஆடுச்சு. ஏமாத்துறான்னு நினைச்சேன். வேணாங்க, அது ஆடணும்னுதான் சொன்னாரு. நான் விடல."

அப்போதுதான் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. அறுவை மில்லிலிருந்து பலகை வந்து இறங்கிய அன்று அவர் என்னிடம் சொன்னார்: "சார், இது வெட்டி ஒரு மாசந்தான் ஆவுது. இதுல இப்ப கதவு போட்டா முறுக்கிக்கும். கல்யாணத்துக்கு வேற பழைய மரத்துல ஒண்ணு போட்டுக்குவோம். இது காயட்டும், அடுத்த வருஷம் பாப்போம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பாத்துக்கலாம். நீங்க போடுங்க."

கோபப்படும்போது அந்த உரையாடல் மனதிலிருந்து சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. நான் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. அது எனக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. காசு கொடுக்கிற இடத்தில் இருப்பவருக்கு, தன்னை எச்சரித்த வார்த்தைகள் இவ்வளவு வசதியாக மறந்துபோவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆபீஸில் உங்கள் மேலதிகாரியிடம் பார்த்திருப்பீர்கள். உங்களிடமே பார்த்திருக்கிறீர்களா?

சட்டத்தில் இதற்கு ஒரு நுட்பமான வித்தியாசம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் 1986-ல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ம் வருஷத்துச் சட்டம். காசு கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் புகார் செய்யலாம். ஆனால் எஜமான், வேலைக்காரர் என்கிற மாதிரியான வேலைக்கு அது பொருந்தாது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது? டாக்டர்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவார்களா என்ற வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. சாதாரண பாஷையில் சொன்னால், என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, செய்கிற விதத்தை அவருடைய திறமைக்கு விட்டுவிட்டால் அது ஒப்பந்தச் சேவை. எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கும் நம் உத்தரவுக்கு அவர் கட்டுப்பட வேண்டுமென்றால், அது எஜமான் - வேலைக்காரர் உறவு.

நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆனால் இந்த வித்தியாசத்தைப் படித்தபோது திண்ணை நாற்காலிதான் கண்ணில் நின்றது. 'ஆணி அடி' என்று சொல்லும் நிமிஷத்தில், அந்த ஆணியின் விளைவும் சொன்னவர் கணக்கில் ஏறிவிடுகிறது. எப்படிச் செய்வது என்பதை நாம் பிடுங்கிக்கொள்வோம். கெட்டுப்போனால் மட்டும் அவருடைய திறமையைக் குறை சொல்வோம்.

எல்லா ஆசாரியும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. பெரம்பலூரில் எங்கள் உறவினர் ஒருவரிடம் இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனவர், போன் நம்பரையே மாற்றிவிட்டார். மட்டமான பிளைவுட்டை மாட்டிவிட்டுக் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறவர்கள் உண்டு. உங்களுக்கும் ஒரு கதை இருக்கும். ஆனால் அந்தக் கதைகளை நாம் எங்கே போனாலும் சொல்கிறோம். நம்மால் ஏமாந்த ஆசாரிகளின் கதை நம் காதுக்கு வருவதே இல்லை.

முன்பெல்லாம் கிராமத்தில் தச்சருக்கு வேலைக்கு வேலை கூலி கிடையாது. வருஷம் பூராவும் ஏர், பரம்பு, வண்டி எல்லாம் பார்த்துக் கொடுப்பார். அறுவடையில் களத்து மேட்டில் அவருக்கென்று நெல்லோ சோளமோ அளப்பார்கள். மோசமாகச் செய்த ஏர் மறுநாளே அவர் பட்டறைக்குத் திரும்பி வரும். அளவில் கை வைத்த விவசாயியும் அடுத்த ஏருக்கு அவர் முகத்தில்தான் முழிக்க வேண்டும். இரண்டு பேருமே போன் நம்பரை மாற்ற முடியாது.

இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த ஏற்பாட்டில் தச்சர் 'முடியாது' என்று சொல்ல முடியாது. பிறந்த சாதி தொழிலைத் தீர்மானித்தது. அளப்பவன் கை பார்த்து நிற்க வேண்டும். இன்றைய கான்ட்ராக்ட் அவருக்குக் கொடுத்த மரியாதையே, பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லலாம் என்பதுதான். அவர் என்னிடம் சொல்லத்தான் செய்தார். பத்தாயிரம் அட்வான்ஸ் கையில் இருக்கும்போது எத்தனை தடவை சொல்ல முடியும்?

சரி, அப்படியானால் கதவு என் தப்பா? ஆணி சித்தப்பாவின் தப்பா? இப்படிக் கூறு போட்டுக்கொண்டே போனால் கடைசியில் வெயிலின் தப்பு என்று முடித்துவிடலாம். இந்த இடத்தில் அரியலூர்க்காரனான எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது. கதவைவிட எத்தனையோ மடங்கு பெரிய விஷயம். ஆனால் கேள்வி அதே கேள்விதான்.

1956 நவம்பர் 23. விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றில் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தருகே அரித்துவிட்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்த விடியலைப் பற்றிப் பேசும்போது இன்றைக்கும் குரல் தாழ்ந்துவிடும். அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அந்தப் பாலத்தை அவர் கட்டவில்லை. அந்த ரயிலை அவர் ஓட்டவில்லை. மழையை அவர் பெய்யச் சொல்லவில்லை. ராஜினாமா செய்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் பக்கம் நடந்த விபத்துக்கே ராஜினாமா கொடுத்திருந்தார். நேரு அதை ஏற்கவில்லை. இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார். அப்போதும், விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகச் சொன்னார்.

அப்படியானால் தப்பு வேறு, பொறுப்பு வேறு. தப்பை எடை போட்டுப் பங்கு பிரிக்கலாம். ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறையும். பொறுப்பு அப்படியில்லை. சாஸ்திரி அதை எடுத்துக்கொண்டதால் வேறு யாருடைய தப்பும் குறைந்துவிடவில்லை. நான் அந்த போனில் செய்தது என்ன? என் தப்பின் பங்கை அவர் தலையில் வைத்தேன். பொறுப்பு என்று ஒன்று இருப்பதையே யோசிக்கவில்லை.

ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவரும் ஓர் உதவியாளும் இருபது நாள் வேலை செய்தார்கள். உதவியாளுக்கு நாள் கூலி எழுநூறு. அதை அவர் அன்றன்றைக்குக் கையில் கொடுத்துவிடுவார் என்று சித்தப்பா நோட்டே சாட்சி சொல்கிறது. அது பதினாலாயிரம். முதலில் கேட்ட நாற்பத்து நாலாயிரம் கொடுத்திருந்தால் அவருக்கு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு நின்றிருக்கும். நான் பேரம் பேசியதில் ஆயிரத்து இருநூறு. மூவாயிரத்தைப் பிடித்ததில் ஆயிரத்து ஐம்பது. நான் குறைத்த ஒரு ரூபாய்கூட உதவியாளின் கூலியிலிருந்து போகவில்லை. எல்லாம் 'முறுக்கிக்கும் சார்' என்று சொன்னவரிடமிருந்து மட்டும் போனது.

போன ஐப்பசியில் அரும்பாவூருக்குப் போனேன். போன் செய்யாமல் போனேன். என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணம். பட்டறையில் ஒரு குதிரை வாகனத்தின் முன்னங்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உளியை வைத்துவிட்டு எழுந்து, "வாங்க சார்" என்றார். டீ சொல்லி அனுப்பினார். நான் முதலில் சித்தப்பாவின் ஆணியைச் சொன்னேன். பிறகு பச்சை மரத்தைச் சொன்னேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. மூவாயிரத்தை நீட்டினேன்.

வாங்கி எண்ணினார். இரண்டாயிரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆயிரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"மரம் ஆவாதுன்னு ஒரு தரந்தான் சார் சொன்னேன். ரெண்டாந்தரமும் சொல்லியிருக்கணும். வேலை போயிடுமோன்னு விட்டுட்டேன். அது என் மேலதான்."

எவ்வளவு சொல்லியும் வாங்க மறுத்துவிட்டார். நான் குறைத்த ஆறாயிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பேசவில்லை.

கிளம்பும்போதுதான் கேட்டார். "கதவு இப்ப எப்படி இருக்கு?"

"மழைக்கு உப்பி, தரையில உரசுது. அடியில கொஞ்சம் இழைச்சிடலாமா?"

"இப்ப இழைக்காதீங்க. ஈரத்துல இழைச்சா வெயில்ல சந்து விட்டுடும். இப்பத்தான் மரம் அடங்க ஆரம்பிச்சிருக்கு. தை பொறக்கட்டும், நான் வர்றேன். அந்த ஆணியையும் புடுங்கணும்."

இது மார்கழி. அம்மா கதவை லேசாகத் தூக்கிச் சாத்தப் பழகிக்கொண்டார். சித்தப்பா நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார்.